ஓதாத தண்ணீர் ஒரு பாட்டில்

எங்கள் ஆய்வகத்தில் ஆர்.என்.ஏ. சரம் கோக்கும் இயந்திரத்துக்கு ஒரே எதிரி தண்ணீர். மணி கோப்பதுபோல் அது ஒவ்வொரு துண்டாக ஒட்டிக்கொண்டே போகும். நடுவில் ஒரு சொட்டு ஈரம் புகுந்தால் அடுத்த மணி ஒட்டாது. பாங்காக்கில் காற்றே பாதி தண்ணீர்.

நான் முனைவர் படிப்பைப் பாதியில் விட்டவன். விட்ட பிறகு அதே இடத்தில் இரவு வேலை: இயந்திரத்துக்குக் காவல். அது கேள்வி கேட்பதில்லை. எனக்கு அது போதும்.

அன்று காலை நான் கிளம்பும் நேரம். முனைவர் பட்ட மாணவி குங் அக்காவின் சரம் ஓடிக்கொண்டிருந்தது. இருபதில் பதிமூன்று மணி ஏறியாகிவிட்டது. பதினான்காவது, அவளே நான்கு மாதம் உட்கார்ந்து தயாரித்த திருத்திய மணி. ரத்தத்தில் போட்டாலும் சரம் சிதையாமல் இருக்க அது வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு குப்பி. குப்பி மாட்டும் இடத்தில் ரப்பர் வளையம் கிழிந்து, சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளைச் சுற்றியிருந்தோம். இந்தச் சரம் கெட்டால் அக்காவுக்கு இந்த வருடம் பட்டம் கிடையாது. அடுத்த வருடத்துக்கு உதவித்தொகை கிடையாது.

ஒன்பது மணிக்கு எங்கள் பேராசிரியர் ஆஜான் விராச் ஒன்பது பிக்குகளோடு உள்ளே வந்தார். ஆய்வகத்துக்கு ஆசி வாங்கும் சடங்கு மறுநாள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்.

"லுவாங்போ நாளைக்கு ஒரு கல்யாணத்துல ஓதணுமாம்," என்றார் மூத்த பிக்குவைக் காட்டி. "ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்கு நல்ல நேரம். எல்லா மெஷின் மேலயும் தண்ணி படணும். போன வருஷம் அந்தத் தராசு மேல படல. என்னாச்சு?"

"எலி வயரைக் கடிச்சிடுச்சு, ஆஜான்."

"ஏன் கடிச்சுது? அதைச் சொல்லு."

ஓதி முடித்து மூத்த பிக்கு எழுந்தார். ஒரு கையில் பித்தளைக் கிண்ணம், மறு கையில் குச்சிக் கட்டு. முக்கி முக்கி வீசிக்கொண்டு வந்தார். கை நல்ல வலு. குளிர்பெட்டி நனைந்தது. நாற்காலிகள் நனைந்தன.

பெண் பிக்குவை உரசிவிடக் கூடாது என்று குங் அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். அங்கிருந்தே என் முதுகில் கிள்ளினாள்.

"தோங், நீ போய் மறைச்சு நில்லுடா. ஒரு சொட்டு உள்ள போச்சு, உன்னைத்தான் துண்டு துண்டா வெட்டிக் கோப்பேன்."

இயந்திரத்தின் முன்னால் போய்க் கைகூப்பி நின்றேன். முதல் வீச்சு முகத்தில். அவர் இடப்பக்கம் சாய்ந்தார், நானும் சாய்ந்தேன். வலப்பக்கம் எட்டினார், நானும் எட்டினேன். எனக்குப் பின்னால் பதினான்காவது மணி ஏறிக்கொண்டிருந்தது.

"நல்ல பக்தியுள்ள பையன்," என்றார் பிக்கு.

"படிப்பைப் பாதியில விட்டவன், லுவாங்போ," என்றார் ஆஜான்.

"அப்படியா? அப்ப இது பத்தாதே."

கிண்ணத்தை அப்படியே என் தலையில் கவிழ்த்தார்.

இயந்திரத்தின் குழாயில் ஆரஞ்சு நிறம் இறங்கியது. மணி ஒட்டினால் மட்டும் வரும் நிறம். பால் ஊற்றாத தேநீர்போல அடர்த்தியாக இருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குதித்தாள். பிறகு மேசையைப் பார்த்து அலறினாள்.

பத்து மணிக்கு மாட்டு ரத்தநீர் சேர்த்துச் சரம் சிதைகிறதா என்று பார்ப்பதற்காக இரண்டு சிறு குழாய்களை மூடி திறந்து வைத்திருந்தாள். ஒன்றில் சாதாரண ஆர்.என்.ஏ.; மற்றதில் போன மாதம் கோத்த குட்டைச் சரம், அதே திருத்திய மணியோடு. என்மேல் பட்டுச் சிதறிய தண்ணீர் இரண்டிலும் விழுந்திருந்தது. அந்தத் தண்ணீரில் ஒன்பது பேர் விரல், மெழுகுவர்த்திச் சொட்டு, போதாததற்கு என் தலை. மனிதத் தோலில் இருக்கும் நொதி ஆர்.என்.ஏ.யைத் தின்றுவிடும், அதனால்தான் நாங்கள் கையுறை இல்லாமல் அதன் பக்கம்கூடப் போவதில்லை.

"விடுக்கா. எப்படியும் நாறிப்போச்சு. என்னதான் ஆகுதுன்னு பாத்துடலாம்," என்றேன்.

மறுநாள் ஜெல்லில் ஓடவிட்டுப் பார்த்தோம். சிதையாத சரம் அதில் கோடாகத் தெரியும். சாதாரணச் சரம் துடைத்த மாதிரிக் காணோம். அக்காவின் சரம் ஒற்றைக் கோடாக, அப்படியே நின்றது. ரத்தநீரில்கூட அவ்வளவு சுத்தமான கோடு அவளுக்கு வந்ததில்லை.

"இதைத் தீசிஸ்ல போடறேன்," என்றாள். "ஆனா மூணு தடவை செஞ்சு காட்டணும்."

கோயிலுக்குப் போனோம். அவள் தள்ளி மண்டியிட்டாள்; நான் பேசினேன்.

"அதே தண்ணி மூணு பாட்டில் வேணும், லுவாங்போ. அப்புறம், ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு, ஓதாத தண்ணி ஒரு பாட்டில்."

"ஓதாததா?"

"அதே கிண்ணம், அதே விரல், அதே மெழுகுவர்த்தி. மந்திரம் மட்டும் வேணாம்."

"கஷ்டம்ப்பா. நாப்பது வருஷப் பழக்கம். கிண்ணத்தைத் தொட்டாலே வாய் தானா ஓத ஆரம்பிச்சிடும்."

கடைசியில் ஒட்டும் அரிசிச் சோற்று உருண்டை ஒன்றை வாய் நிறைய அடைத்துக்கொண்டு அந்த பாட்டிலை நிரப்பித் தந்தார்.

அக்காவுக்குப் பட்டம் கிடைத்தது. ஓதியது, ஓதாதது இரண்டும் சாதாரண ஆர்.என்.ஏ.யை ஒரே வேகத்தில் தின்றன. அதை லுவாங்போவிடம் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டாள். பட்டம் கிடைத்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். நான்தான் பாதியில் விடுகிறவன் ஆயிற்றே.