இரண்டு பிறந்த நேரம்

நான் யாரையும் லேசில் நம்புகிறவள் இல்லை. கம்பத்தில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் ஆறு வருடமாக ஜாதகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் எப்படி நம்புவாள்? பெண் வீட்டில் வயதைக் குறைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டில் சம்பளத்தைக் கூட்டுவார்கள். எனக்கு வந்த பதினோரு வரன்களையும் ஏதாவது சந்தேகம் சொல்லித் தட்டிக் கழித்தேன். பன்னிரண்டாவது, தேவாரம் ஊர்க்காரர் விஜய்பாண்டி. எங்கள் சர்வரே பத்துக்கு ஒன்பது பொருத்தம் காட்டியதால் சம்மதித்தேன். அவரைப் பிடித்தும் போயிற்று. ஆவணியில் கல்யாணம்.

ஆடியில் வரன் தேடி யாரும் வரமாட்டார்கள் என்பதால் சர்வருக்கு அப்டேட் போட அதுதான் தோதான மாதம். தேனியிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வினோத்ராஜ் வந்து போட்டுவிட்டு விளக்கினார்.

"என்கிரிப்ஷனைப் பலமாக்கியிருக்காக மேடம். ஜாதகம் கொண்டு வந்தவுக பேரு, நம்பர் எல்லாம் இனிமே பூட்டுக்குள்ள. பாஸ்வேர்டு உங்க முதலாளிக்கும் உங்களுக்கும் மட்டுந்தான்."

ஆறு வருடமாகத் திறந்தே கிடந்த கட்டம் அது. ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பூட்டு விழுந்ததும் பார்க்கக் கை அரித்தது.

சோதனைக்கு விஜய்பாண்டி பெயரைத் தட்டினேன். இரண்டு பதிவுகள் வந்தன. ஒரே பெயர், ஒரே போன் நம்பர். ஒன்றில் பிறந்த நேரம் விடிகாலை நான்கு பத்து, ஏழில் செவ்வாய். இன்னொன்றில் ஆறு இருபத்தைந்து, செவ்வாய் ஆறாம் இடத்துக்கு நகர்ந்து தோஷம் போயிருந்தது.

"உங்க அப்டேட் ஜாதகத்தையே மாத்திருச்சா?" என்று வினோத்ராஜ் மேல் பாய்ந்தேன்.

"அது எதையும் மாத்தாது மேடம். ஒரே ஆளுக்கு ரெண்டு பதிவு இருந்தா, இதுக்கு முன்னாடி கடைசியா ஏத்துனதை மட்டுந்தான் காட்டும். அது பழைய பக். இப்பச் சரி பண்ணிட்டாக."

அவர் போனதும் விஜய்பாண்டியை அழைத்தேன். என் சந்தேக புத்தி எனக்கு முன்னால் ஓடியது.

"நீங்க எத்தன மணிக்குப் பொறந்தீக?"

"நாலு பத்து. ஏன்?"

"பொறகு ஆறு இருபத்தஞ்சுன்னு எதுக்கு எழுதிக் குடுத்தீக?"

"நான் எதுவும் மாத்தல, ஓவியா. என்னையத் திருடனாட்டம் விசாரிக்கீக" என்றார். எல்லா மாப்பிள்ளைகளும் இப்படித்தான் சொல்வார்கள் என்று போனை வைத்தேன்.

இரண்டாவது பதிவின் பூட்டைத் திறந்தேன். தை மாதம், திருத்திய ஜாதகம் என்று வந்திருக்கிறது. கொண்டு வந்தவர், முத்துலட்சுமி. கீழே இருந்த பத்து எண்களும் எனக்கு மனப்பாடம். என் அம்மாவின் நம்பர்.

மதியம் வீட்டுக்குப் போனதும் கேட்டேன். அம்மா மறுக்கவே இல்லை.

"ஆமாத்தா. உழவர் சந்தையில எடையைக் குறைச்சவன்கிட்ட எனக்காகச் சண்ட போட்டான் அந்தப் பய. உனக்கு இவந்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணுனேன். உங்க சென்டர்ல சாதகம் இருக்குன்னு தெரிஞ்சு நகல் வாங்கி, செவ்வா தோசம் உனக்குச் சேராதுன்னு ஜோசியர்கிட்ட நேரத்த மாத்தி எழுதி வாங்கிக் குடுத்தேன்."

"அவுக வீட்டுல தெரியுமா?"

"தெரியாது. அவுகளும் சென்டர் பொருத்தத்தத்தான் நம்புனாக."

"ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"நீ மனுசங்க யாரையும் நம்ப மாட்ட. கம்ப்யூட்டர் பொட்டி சொன்னாத்தான் நம்புவ. அதான் பொட்டிகிட்டயே சொன்னேன்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். இந்த ஒரு பொய்யையே என்னால் விழுங்க முடியவில்லை. ஆபீசுக்குத் திரும்பி மறுபடி அந்தப் பதிவைப் பார்த்தேன். கடைசி வரியை அப்போதுதான் கவனித்தேன். பதிவு செய்தவர், ஓவியா.

எங்கள் மையத்தில் ஜாதகம் என்னிடம் டோக்கன் எண்ணோடு மட்டும்தான் வரும். வேலை சீக்கிரம் முடியட்டுமென்று பெயர், நம்பரையெல்லாம் முன்மேசையிலேயே ஏற்றிவிடுவார்கள். திருத்திய ஜாதகம் என்றால் கேள்வி கேட்காமல் புதிதாக ஏற்றுவது முதலாளி வைத்த வழக்கம். யார் ஜாதகம் என்று தெரியாமல் நானே என் கையால் ஏற்றியிருக்கிறேன்.

பதிவை அழித்துவிடலாம். விஜய்பாண்டி பார்க்கப்போவதில்லை. ஆனால் காலையில் அந்த மனுஷனை நான் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. இரண்டு பதிவுகளையும் படமெடுத்தேன். கடைசி வரியை வெட்டிவிட்டு அனுப்பியிருக்கலாம். வெட்டாமல் அனுப்பினேன். "பொய் எங்க வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னியுங்கள்" என்று கீழே எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"ஏத்துனது நீங்களா?"

"ஆமாம். ஆனால் யாருடையது என்று எனக்குத் தெரியாது."

செய்தியைப் பார்த்துவிட்டார். நம்புவாரா என்று தெரியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.