சந்தோஷ்குமார் கேட்ட புத்தகம்

சென்றாயன் முதல் தடவை நூலகத்துக்குள் வந்தபோது, ஏதோ விலாசம் விசாரிக்க வந்தவர் என்றுதான் நூலகர் பானுமதி நினைத்தாள். மலைமேல் அரியூர் நாடு என்கிற ஊரில் அந்தச் சின்னக் கட்டடத்துக்கு வருகிற பெரியவர்கள் செய்தித்தாள் பார்ப்பார்கள். இல்லையென்றால் ஆதார் கார்டை எங்கே நகல் எடுக்கலாம் என்று கேட்பார்கள். இவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து அலமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நின்றார். பிறகு, படுத்தே கிடக்கிறவன் படிக்கிற மாதிரி ஒரு புத்தகம் வேண்டும் என்றார்.

யாருக்கு என்று கேட்டதும் மகன் பெயரைச் சொன்னார். சந்தோஷ்குமாரை அவளுக்கு நன்றாகத் தெரியும். பிளஸ் டூ படிக்கிற பையன். சனிக்கிழமை தவறாமல் வருவான். துப்பறியும் கதையை நின்றபடியே பாதி படித்துவிட்டு, கொலை செய்தது யார் என்று அவளிடம் பந்தயம் கட்டுவான். தை மாதம் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறியபோது விழுந்துவிட்டான் என்பது வரைக்கும் கேள்விப்பட்டிருந்தாள். மிச்சத்தை இப்போது சென்றாயன் சொன்னார். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் வைத்துப் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, இனி வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊருக்கு வந்ததிலிருந்து பையன் யாரோடும் பேசுவதில்லை. ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவான். மற்ற நேரமெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"எப்பவும் படிச்சிட்டே இருந்த பையனுங்க. ஒரு புத்தகத்தக் கையில எடுத்துட்டான்னா பேசிப்புடுவான்னு தோணுதுங்க மேடம். நீங்கதான் பாத்துக் குடுக்கோணும்" என்றார்.

பானுமதிக்கு அந்த வேலையில் ஒரு பெருமை உண்டு. சேந்தமங்கலத்திலிருந்து தினமும் பஸ் ஏறி மலைக்கு வந்து போகிறவள். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் ஆளைப் பார்த்து, அவர்களுக்கு ஏற்ற புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு எண்ணம். கோலப் புத்தகம் கேட்டு வந்த பெண்களை நாவல் படிக்க வைத்திருக்கிறாள். டிராக்டர் ஓட்டுகிற ஒருவர் அவளால் சரித்திரக் கதைப் பைத்தியம் ஆகிவிட்டார். ஆகவே சென்றாயனிடம் அதிகம் யோசிக்காமல் ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். விபத்தில் காலை இழந்தவர் பனிமலை ஏறிய உண்மைக் கதை.

அடுத்த வாரம் அது திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்த சுவடே இல்லை. நகைச்சுவைக் கதைகள் கொடுத்தாள், துப்பறியும் கதை கொடுத்தாள், கடல் பயணம் கொடுத்தாள். எல்லாம் போன மாதிரியே திரும்பின. சென்றாயன் ஒவ்வொரு முறையும் டாக்டர் மேஜை முன்னால் நிற்பதுபோல நின்று, இதைப் படித்தால் சரியாகிவிடுவானா என்று கேட்பார். மற்ற ஊர் நூலகங்களில் வேலை பார்க்கிற தோழிகளுக்கு போன் செய்தாள். விபத்திலிருந்து மீண்டவர்கள் கதையாக ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். அதில் கிடைத்ததையெல்லாம் வரவழைத்துக் கொடுத்தாள். ஒருநாள் புத்தகத்தைக் கையில் வாங்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சென்றாயன் சொன்னார், கூலிக்கு ஆள் வராததால் மரத்தில் ஏறச் சொன்னது தான்தான் என்று. அதற்குப் பிறகு அந்த மனிதரை வெறுங்கையோடு அனுப்ப அவளால் முடியவில்லை.

ஆடி மாதத்தில் ஒருநாள் அவளே அந்த வீட்டுக்குப் போனாள். அம்மா சின்னாத்தாள் காபி போட்டுக் கொடுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டாள். பானுமதி பேசிக்கொண்டே இருந்தாள். பையன் திரும்பவில்லை. அவள் எழுந்த பிறகுதான் சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"நீங்க குடுத்து உடற புத்தகத்துலயெல்லாம் கடைசீல எந்திரிச்சு நடக்கறாங்க மேடம். இல்லைன்னா மெடல் வாங்கறாங்க."

எதையும் பிரிக்காமல் அவனுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. பின் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்திருப்பான். பஸ்ஸில் மலை இறங்கும்போது அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அதற்கு இரண்டு வாரம் கழித்து சென்றாயன் ஓட்டமும் நடையுமாக வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பையன் தானாகவே வாய் திறந்து ஒரு புத்தகம் கேட்டிருக்கிறான்.

"நம்ம மலையில மொளைக்கற செடி கொடியப் பத்தி வேணுமாங்க. படம் போட்டிருக்கோணுமாம். தொடக்கூடாத செடிக கூட அதுல இருக்கோணும்னான்."

பானுமதி நாற்காலி மேல் ஏறி, மேல் தட்டிலிருந்து அந்தப் பெரிய புத்தகத்தை எடுத்தாள். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் படம். நூலகத்துக்குள்ளேயே வைத்துப் பார்க்க வேண்டிய புத்தகம் அது. அதையெல்லாம் பார்க்காமல் துணிப்பையில் போட்டுக் கொடுத்தாள். சென்றாயன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு முழுவதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். சோளக்காட்டில் பஸ் மாறும்போது அன்னாசிப்பழம்கூட வாங்கினாள்.

பஸ் மலை இறங்க ஆரம்பித்ததும் கணவனை போனில் கூப்பிட்டாள். அந்தப் பையன் புத்தகம் கேட்டுவிட்டான் என்று சொன்னாள். என்ன புத்தகம் என்று அவன் கேட்டான். சென்றாயன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தவள், தொடக்கூடாத செடிகள் என்ற இடத்தில் நின்றுவிட்டாள். பகலில் காதில் விழுந்த அந்தச் சொல் இப்போதுதான் அவளுக்குக் கேட்டது. அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதி அவள் கண் முன்னால் வந்தது. எந்தச் செடியில் எது விஷம், தின்றால் என்ன ஆகும் என்று அதில் விவரமாகப் போட்டிருந்தது. வளைவில் சிக்னல் போய் கணவனின் குரல் அறுந்தது.

சென்றாயனின் எண்ணை அழுத்தினாள். தொடர்பு கிடைக்கவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். எழுந்து போய் வண்டியை நிறுத்தச் சொன்னாள். வளைவில் நிறுத்த முடியாது, கீழே போய் இறங்கிக்கொள்ளலாம் என்றார் கண்டக்டர். அவள் படிக்கட்டில் இறங்கி நின்றுகொண்டு, நிறுத்தாவிட்டால் குதித்துவிடுவேன் என்றாள். அது அவள் குரல் போலவே இல்லை. ரோடு கொஞ்சம் அகலமான இடத்தில் நிறுத்தி இறக்கிவிட்டுப் போனார்கள்.

குரங்குகள் உட்கார்ந்திருந்த தடுப்புச் சுவரை ஒட்டி அவள் மேல்நோக்கி நடந்தாள், ஓடினாள், மூச்சு வாங்க நின்றாள். மேலே போகிற வண்டி எதுவும் வரவில்லை. தான் கொடுத்த புத்தகம் இந்நேரம் எந்தப் பக்கத்தில் திறந்திருக்கும் என்ற நினைப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை. கடைசியில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி ஏற்ற வந்த காலி லாரி ஒன்று வந்தது. ரோட்டின் நடுவில் நின்று மறித்தாள். டிரைவர் குழந்தைசாமி திட்ட வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளச் சொன்னார். லாரி ஒவ்வொரு வளைவிலும் முக்கி முனகித் திரும்பியது. இறங்கி ஓடிவிடலாமா என்று அவளுக்குத் துடித்தது. அவளுக்குத் தெரிந்த சாமி பெயர்களையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். பாதியிலேயே அவை மறந்து போயின.

ரோட்டிலிருந்து சாமைக் காட்டு வரப்பில் இறங்கி ஓடியபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மை ஒட்டி கோகிலா உட்கார்ந்திருந்தாள். சந்தோஷ்குமாரின் தங்கை, ஒன்பதாவது படிக்கிறவள். பக்கத்தில் களைக்கொத்து கிடந்தது. மடியில் எதையோ துப்பட்டாவால் மூடி வைத்திருந்தாள். பானுமதியைக் கண்டதும் எழுந்து, "நான் குடுக்கலைங்க" என்றாள். அதுதான் அவள் சொன்ன முதல் வார்த்தை.

பானுமதி அவள் எதிரில் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பிள்ளை அழுதுகொண்டே சொன்னது இதுதான். மத்தியானம் அண்ணன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டி, இந்தக் கிழங்கைக் கொண்டுவந்தால் காலில் உணர்ச்சி வரும், வீட்டில் யாருக்கும் சொல்லாதே என்றானாம். அவள் துள்ளிக்கொண்டு ஓடிப் பள்ளத்தில் தோண்டி எடுத்து வந்தாள். வந்து பார்த்தால் அவன் கண்ணயர்ந்திருந்தான். சரியான கிழங்குதானா என்று பார்க்க, படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தாள். படித்ததும் புரிந்துவிட்டது. அப்போதிருந்து இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

"உள்ளிருந்து கூப்புட்டுட்டே இருக்கறான். அப்பாகிட்டச் சொன்னா அப்பாவும் செத்துருவாருங்க" என்றாள்.

பானுமதி அவள் மடியில் இருந்ததைத் துப்பட்டாவோடு சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளையைக் கட்டிப் பிடித்தாள். நீ செய்ததுதான் சரி கண்ணு என்று மட்டும் சொன்னாள். இத்தனை மாதமாக அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த இன்னொரு பிள்ளையும் இருந்தது, தான் ஒரு நாளும் அவளைப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளே போனாள். சந்தோஷ்குமார் விழித்திருந்தான். அவளுடைய மண் படிந்த வெறுங்காலைப் பார்த்தான். வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டான்.

பானுமதி தரையில் உட்கார்ந்து கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அப்பா அம்மாவிடம் சொல்லாமல் இங்கிருந்து போகமாட்டேன் என்றாள்.

"வேண்டாங்க மேடம். எங்கப்பா தாங்கமாட்டாரு."

"தாங்கமாட்டாருன்னு தெரிஞ்சுதானடா சாமி இதக் கேட்ட?"

அவன் முகம் கோணியது. விழுந்த நாளிலிருந்து ஆஸ்பத்திரியில்கூட அழாத பையன் அன்றைக்கு அழுதான். அழுகை மாரில் மட்டும் குலுங்கியது, கால்கள் அசையாமல் கிடந்தன. சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வந்த சின்னாத்தாளுக்கு பானுமதி சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அந்த அம்மா கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை. கட்டிலில் இருந்த கொஞ்சம் இடத்தில் மகனை ஒட்டிப் படுத்து, அவன் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

காட்டிலிருந்து வந்த சென்றாயனிடம் பானுமதி வாசலில் வைத்துச் சொன்னாள். அவர் உள்ளே போகவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நாந்தானுங்களே வாங்கியாந்தேன். என் கையாலயே கொண்டாந்து குடுத்தேனே."

"நான்தானுங்கண்ணா எடுத்துக் குடுத்தேன்" என்றாள் பானுமதி.

அன்று அவள் வீட்டுக்குப் போகவில்லை. விடியும்வரை ஆள் மாற்றி ஆள் அவன் பக்கத்திலேயே இருந்தார்கள். காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. நாமக்கல்லில் மனநல டாக்டரிடம் சேர்த்தார்கள். அங்கே சில வாரம் இருந்தான். மாத்திரை கொடுத்தார்கள், தினமும் உட்கார்ந்து பேசினார்கள். வீட்டில் எதையெல்லாம் அவன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும், எப்படித் தனியாக விடாமல் இருக்க வேண்டும் என்று சின்னாத்தாளுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

பானுமதி நூலகத்தைத் திறந்தாள், மூடினாள். யாருக்கும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட ஆசிரியை மேனகா, ஏதாவது நல்லதாகக் கொடுங்கள் என்று வழக்கம்போலக் கேட்டபோது, நீங்களே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். கீழே எங்காவது மாற்றல் கிடைக்குமா என்றுகூட விசாரித்து வைத்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு சனிக்கிழமை கோகிலா வந்தாள். அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டான், சில நாள் பேசுகிறான், அம்மாவோடு சண்டை போடுகிறான், சில நாள் பழையபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறான் என்றாள். அவனுக்கு ஒரு புத்தகம் வேண்டுமாம். என்ன கேட்டான், எந்த வார்த்தையில் கேட்டான் என்று பானுமதி பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். நல்லாகிறவர்கள் கதை மட்டும் வேண்டாம் என்றானாம்.

அன்று அவள் எதுவும் கொடுக்கவில்லை. ஒரு தடித்த நாவலை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒரு வரி விடாமல் கடைசிப் பக்கம் வரை படித்தாள். நோயில் விழுந்த ஒரு மனிதன் கட்டிலில் கிடந்தபடி ஊரையே திட்டுகிற கதை. முடிவிலும் அவன் கட்டிலில்தான் கிடக்கிறான். அதையும் டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லி, கொடுக்கலாமா என்று கேட்ட பிறகே தானே நேரில் கொண்டு போனாள். சந்தோஷ்குமார் வாங்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டான். பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்த கோகிலாவிடம், உனக்கு என்ன கண்ணு வேணும் என்று கேட்டாள். அந்தப் பிள்ளை வெட்கப்பட்டுக்கொண்டு, பேய்க்கதை என்றது.

இன்றைக்கும் சென்றாயன் எண்ணிலிருந்து போன் வந்தால் அவளுக்குப் பயம்தான். போன வாரம் வந்தது. சமையலறையில் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்து எடுத்தாள். சந்தோஷ்குமார்தான் பேசினான். நலம் விசாரிக்கவில்லை. அந்தக் கதையில் வருகிற ஆள் பெண்டாட்டியைத் திட்டினது மட்டும் அநியாயம், எழுதியவருக்கு அதுகூடத் தெரியவில்லை என்று சண்டைக்கு வந்தான். அவள் விட்டுக்கொடுக்கவில்லை, அந்த ஆள் செய்ததில் என்ன தப்பு என்று கேட்டாள். அடுப்பில் சாதம் அடிப்பிடித்துப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.