முத்திரை குத்திய படிப்பு

விடிவதற்கு முன்பே சலவைக்கூடத்தில் ஆவி அப்பிக்கொண்டது. ஆஸ்பத்திரி விரிப்புகள் உலர்த்தும் இயந்திரத்திலிருந்து கொதிக்கக் கொதிக்க வந்து விழுந்தன. பூதக்கண்ணாடி அக்கா ஒவ்வொன்றையும் விளக்கு மேசையில் விரித்துக் கறை பார்த்தாள். ஊசிமுனை அளவு மஞ்சள் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அதனால்தான் அந்தப் பெயர். பார்த்து முடித்ததை மூட்டை கட்டி, தன் சீட்டைக் கோத்துத் தள்ளுவாள். சீட்டுக் கட்டிய மூட்டையை யாரும் மறுபடி பிரிக்க மாட்டார்கள். அங்கே வழக்கம் அப்படி. இருபது வருஷச் சோப்பு மருந்தில் அவள் கைரேகை தேய்ந்து போயிருந்தது. விரல் வைத்தால் போன்கூடத் திறக்காது.

ஆறு மாதம் முன்பு பலகையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பிரிவுப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு முதுகலைப் பட்டம் வேண்டும். இல்லாவிட்டால் கூலி இறங்கும். "துணி வெளுக்க எம்.ஏ.வா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அக்காவிடம் தபாலில் படித்த பழைய பி.ஏ. இருந்தது. பஸ்ஸில் நின்றபடியே போனில் ஆன்லைன் எம்.பி.ஏ. தேடினாள். பெயர் தெரிந்த பல்கலைக்கழகங்களின் கட்டணம் கைக்கு எட்டவில்லை. ஒன்றே ஒன்று எட்டியது. அதன் பக்கத்தில் 'அங்கீகாரம் பெற்றது' என்று தங்க முத்திரை பளபளத்தது. சேர்ந்துவிட்டாள். தன்னைப் போலவே பொறுப்பில் இருந்த பாய்லர் அண்ணனிடமும் இஸ்திரிப் பிரிவுத் தங்கச்சியிடமும், "நான் பாத்துட்டேன், தைரியமா சேருங்க" என்றாள். அவளே பார்த்துவிட்டாள் என்றால் அப்புறம் என்ன? அவர்களும் சேர்ந்தார்கள்.

அன்று காலை முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரும்மா."

வியர்வைப் புடவையோடு அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

"நீ குடுத்த முதல் செமஸ்டர் மார்க் ஷீட்டை விசாரிச்சோம். அப்படி ஒரு பல்கலைக்கழகமே இல்லையாம்."

"அங்கீகார முத்திரை இருக்கே சார்..."

"முத்திரை குடுத்த ஆபீஸுக்கும் அவங்களுக்கும் ஒரே போன் நம்பர். அதைக்கூடப் பாக்கலையா? பூதக்கண்ணாடின்னு பேரு வேற!"

அவளுக்குக் காது மடல் எரிந்தது. அவர் ஒரு தாளை நகர்த்தினார்.

"கூலி குறைக்கச் சம்மதம்னு கையெழுத்துப் போடு. விஷயம் இந்த ரூமைத் தாண்டாது. போடலைன்னா, போலிச் சான்றிதழ் குடுத்தவன்னு நான் வெளியில சொல்ல வேண்டிவரும். சாயங்காலத்துக்குள்ள குடுத்துடு."

தாளோடு வெளியே வந்தாள். மகள் தெரு முழுக்க "எங்கம்மா எம்.பி.ஏ. படிக்கிறாங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். அந்தத் தெருவில் இனி எப்படி நடப்பது? விளக்கு மேசைக்கு வந்து பேனாவை எடுத்தாள். போட்டுவிட்டால் ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

சாப்பாட்டு வேளையில், கையெழுத்துப் போடாத தாளோடு பாய்லர் ஓரம் போனாள். தங்கச்சி டிபன் மூடியில் போனைச் சாய்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாங்க வாங்க. மூணாம் பாடம் மண்டையில ஏறவே மாட்டேங்குது. சொல்லிக் குடுங்க."

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "படிக்காதடி. மூடு அதை. அது போலி."

எல்லாவற்றையும் சொன்னாள். தங்கச்சியின் கையில் சோறு அப்படியே நின்றது.

"நீங்க பாத்துட்டேன்னு சொன்னீங்களேக்கா! ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருப்பேனா நான்?"

"முத்திரையைத்தான் பாத்தேன். சீட்டு இருந்தா நாம மூட்டையைப் பிரிக்கிறதில்லையே, அதே புத்தி. செருப்பால அடிச்சுக்கலாம் போல இருக்குடி."

பாய்லர் அண்ணன் கரிக்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிக்கவே இல்லை. "எனக்குப் போன வாரமே தெரியும்மா. என்னையும் கூப்பிட்டாரு. இதே தாள், இதே பேச்சு. போட்டுக் குடுத்துட்டேன்."

"ஏண்ணே எங்ககிட்ட சொல்லல?"

"இந்த வயசுல ஏமாந்தேன்னு எந்த வாயால சொல்றது? அதோட, நீ சொல்லித்தானே சேர்ந்தோம். தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவே."

தங்கச்சி கையிலிருந்த சோற்றை டிபனில் போட்டாள். பிறகு வெடித்தாள். "அடுத்து என்னைக் கூப்பிடுவாரு. கதவைச் சாத்திக்கிட்டு ஒவ்வொருத்தரா... நாமளே ஊரறியச் சொல்லிட்டா அப்புறம் எதைக் காட்டி மிரட்டுவாரு?"

அக்கா எழுந்தாள். கூடத்தின் நடுவில் நின்று, இயந்திர இரைச்சலுக்கு மேல் கத்திச் சொன்னாள்: "நான் போலிப் படிப்புல சேர்ந்து ஏமாந்துட்டேன். இவங்க ரெண்டு பேரையும் நான்தான் இழுத்துவிட்டேன்."

"பூதக்கண்ணாடிக்கே கண்ணு போச்சா?" என்றான் சலவைத் தொட்டிக்காரன். நாலைந்து பேர் சிரித்தார்கள். அவள் தலை குனியப் பார்த்தது, குனியவிடவில்லை. கையிலிருந்த தாளை உரக்கப் படித்தாள். பாதியிலேயே சிரிப்பு அடங்கியது.

"இந்தத் தாள் எங்களுக்கும் வருமாக்கா?" அதே தொட்டிக்காரன்தான் கேட்டான்.

"இன்னைக்குப் பொறுப்புல இருக்கறவங்க. நாளைக்கு நீ."

அவன் போய் விசையை இறக்கினான். பக்கத்து இயந்திரமும் நின்றது. அப்புறம் அடுத்தது. அந்தக் கூடம் இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் கேட்டதில்லை.

முதலாளி வெளியே வந்தார். "என்ன இங்க கூட்டம்?"

"விரிப்புல கறை பாக்க எதுக்கு முதுகலைன்னு சொல்லுங்க சார். படிச்சே ஆகணும்னா, ஒழுங்கான இடத்துல கம்பெனி செலவுல படிக்க வைங்க. கூலியில கை வைக்காதீங்க," என்றாள் அக்கா.

"போலிச் சான்றிதழ்காரி நீ பேசுறியா?"

"ஆமா சார். அதை இவங்ககிட்ட நானே சொல்லிட்டேன்."

"என் கையெழுத்தைத் திருப்பிக் குடுங்க," என்றார் பாய்லர் அண்ணன். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

முதலாளி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேலை போனாலும் போகும். அக்காவுக்கு முகத்தின் சூடு இன்னும் தணியவில்லை. ஆனால் யாரும் இயந்திரத்திடம் திரும்பவில்லை. ஈரத் தரையிலேயே கதவைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

தங்கச்சி போனை எடுத்தாள். "அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகம் எதெதுன்னு அரசாங்கமே போட்ட பட்டியல் இதுல இருக்கு. எது உண்மை, எது கம்மிக் கட்டணம்னு இங்கயே பாத்துடுவோம். நீங்க வாசிங்கக்கா."

"நானா? இன்னுமா என்னை நம்புற?"

"நீங்க மட்டும் இல்ல, எல்லாரும் பாப்போம்," என்று நகர்ந்து இடம் விட்டாள். தொட்டிக்காரன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குனிந்தான். அக்கா முதல் பெயரை வாசித்தாள்.