பிரமேஸ்வரி என்கிற கனம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கட்டுரை. ஜாவாவில் பிள்ளைகளுக்குச் சமஸ்கிருதப் பெயர் வைக்க ஏன் இவ்வளவு ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டு ஒரு பத்திரிகைக்குப் பக்கம் நிரப்புவதாக இருந்தேன். வெகுகாலமாகக் கிளாத்தென் ஊரில் குப்பை கொட்டுகிறவன் நான். எங்கள் சந்தில் மட்டும் நாலு ஆதித்யா. ஒருவனைக் கூப்பிட்டால் நாலு பேரும் திரும்புவார்கள், நாலு பேரும் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர்கள். சூரியன் என்ன ஒருவர் வீட்டுச் சொத்தா? ஆகவே, ‘இப்பெயர்களின் பொருளை ஆராயப் புகுந்தால், பண்டைய அரசவைகளின்—’

(இதை இங்கேயே விட்டுவிட்டேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

அப்போது பக்கத்து வீட்டிலிருந்து கூழ் வந்தது. கிண்ணத்தில் பாதி வெள்ளை, பாதி வெல்லம் போட்ட சிவப்பு. அந்த வீட்டுப் பையனுக்குப் பெயரை மாற்றிவிட்டார்களாம். பழைய பெயர் கனமானது, அதைத் தாங்க முடியாமல்தான் நோஞ்சானாகக் கிடந்தான் என்றார்கள். கூழைக் குடித்தேன். கட்டுரையைக் கிழித்தேன்.

2

கதையின் முதல் வரி: ‘சந்தையில் மூன்று லெகியெம்கள் இருந்தார்கள்.’

பரவாயில்லை, இருக்கட்டும். இங்கே சந்தை வாரத்துக்கு ஐந்தே நாள், அதில் லெகி என்ற நாளில் பிறந்தவள் லெகியெம். பெயருக்குப் பொருள் அவ்வளவுதான். அதனால் கூனி லெகியெம், நெட்டை லெகியெம், நம்முடைய தெம்பே லெகியெம். சோயாவைப் புளிக்க வைத்து வாழையிலையில் கட்டி விற்பவள். அவள் புருஷன் வாகிமான் மணல் லாரி ஓட்டுகிறான், அவனும் வாகே நாளில் பிறந்த பாவத்துக்கு வாகிமான் ஆனவன்.

தன் மகளையாவது முன்னால் ஒரு அடைமொழி ஒட்டாமல் ஊர் கூப்பிட வேண்டும் என்று லெகியெம் ஆசைப்பட்டாள். பிரமேஸ்வரி என்று வைத்தாள். இங்கே அது அரசனின் பட்டத்து ராணியைக் குறிக்கிற சொல்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தமிழ் வாசகர் சிரிக்கலாம். நம் பக்கம் தெருவுக்கு நாலு பரமேஸ்வரி. என் சித்திகூடப் பரமேஸ்வரிதான், அவள் சுமந்த பெரிய கனம் ரேஷன் அரிசி. பலர் வாயில் புரண்ட பெயர் தேய்ந்து இலேசாகிவிடும் போலிருக்கிறது. லெகியெமின் சந்தில் அந்தப் பெயர் இன்னும் யார் வாயிலும் புரளவில்லை.)

பிள்ளையைத் திட்டும்போதுகூட லெகியெம் பெயரைச் சுருக்க மாட்டாள். முழுப் பெயரையும் சந்தையின் மறுகோடிக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். அப்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

3

பிள்ளைக்கு மூன்று வயதானபோது காய்ச்சல் தொடங்கியது. வரும், போகும், மறுபடி வரும். சுகாதார நிலையத்தில் தொண்டையைப் பார்த்து மருந்து கொடுத்தார்கள். வாகிமானின் அக்கா சகினெம் தொண்டையையெல்லாம் பார்க்கவில்லை.

“தெம்பே விக்கிறவ மகளுக்கு ராணி பேரு. அந்தக் கழுத்து தாங்குமாடி? பொன் நாள்ல பொறந்தவ, பொனியெம்னு வச்சிட்டுப் போ.”

“சந்தையில ஏற்கெனவே ரெண்டு பொனியெம் இருக்காங்க அண்ணி.”

“இருக்காங்கல்ல? உசுரோட இருக்காங்கல்ல?”

லெகியெம் ஈரத்துணியைப் பிழிந்து பிள்ளையின் நெற்றியில் போட்டாள். நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

4

லெகியெம் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. பிள்ளை கொதிக்கும்போது பெயரைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பெருமையா, வீம்பா? ஒரு பிரதியில் அவள் நாத்தனாரிடம் கிருமி, மருந்து என்று வெளுத்து வாங்கினாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பேசியது நான். பெயருக்குக் கனம் உண்டு என்று லெகியெமும் நம்புகிறாள். நம்பாவிட்டால் அவளுக்கு என்ன கஷ்டம்? மருந்தையும் வேளை தவறாமல் கொடுத்தாள், பிள்ளையின் கழுத்தையும் பார்த்துப் பார்த்துப் பயந்தாள்.

வாகிமான் முதலில் இறங்கி வந்துவிட்டான். பெயர் மாற்றும் கூழுக்கு நாள் குறித்து, ஓதி வைக்கிற பள்ளிவாசல் மோதினார் ஜம்ஹரியிடமும் சொல்லிவிட்டான். லெகியெம் தடுக்கவில்லை. அரிசியை அவளே ஊற வைத்தாள்.

5

இந்த இடத்தில் எனக்கு மூன்று முடிவுகள் கிடைத்தன.

பெயர் மாறியது, காய்ச்சல் போனது. அப்படியென்றால் சகினெமை இனி யாராலும் பிடிக்க முடியாது.

பெயர் மாறவில்லை, மருந்திலேயே காய்ச்சல் போனது. இதைச் சுகாதார நிலையச் சுவரில் ஒட்டலாம்.

மூன்றாவதை எழுத மாட்டேன். காய்ச்சலைக் கொடுத்ததே நான், அந்த அளவுக்கு நான் கெட்டவன் அல்ல.

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். சந்து ஆண்கள் பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். மோதினார் தொண்டையைச் செருமிக்கொண்டு, பொனியெம்தானே என்று கேட்டார். வாகிமான் தலையாட்டப் போனான். அடுப்படியில் இருக்க வேண்டிய லெகியெம், கையில் கரண்டியோடு ஆண்கள் நடுவில் வந்து நின்றாள்.

“பேரு மாத்தறது அவளுக்கு இல்ல மோதினாரே. எனக்கு.”

உள்ளேயிருந்து சகினெம் சிரித்தாள். “புள்ள பெத்தாச்சு. உனக்கெதுக்குடி இப்பப் பேரு?”

“சின்னது ஒத்தையில சுமக்குது அண்ணி. நாங்க பெரியவங்க காத்தாட்டம் பேர வச்சுக்கிட்டுக் கைய வீசிட்டுத் திரியறோம். எனக்கும் பெரிய பேரா வையுங்க, பாதிக் கனத்த நான் வாங்கிக்கிறேன்.”

மோதினார் தாடியைத் தடவினார். கல்யாணமான ஆண்கள் புதுப்பெயர் எடுப்பது இங்கே வழக்கம்தான், ஜம்ஹரியே அப்படி வந்த பெயர்தான். பொம்பளைக்குக் கூடாது என்று எந்த ஓதலிலும் அவர் படித்ததில்லை. வாகிமான் முழங்காலால் கொஞ்சம் முன்னே நகர்ந்தான்.

“அப்ப எனக்கும் சேத்து ஓதிடுங்க” என்றான்.

எழுதுகிறவன் மார்தட்டக் கூடாது என்பார்கள். இந்த இடத்தில் நான் தட்டினேன். இவள் என் கதைக்குள் வந்தவள் என்று எனக்கு அவ்வளவு கர்வம்.

6

காய்ச்சல் இறங்கியதா என்று கேட்காதீர்கள். எப்படிச் சொன்னாலும் யாராவது ஒருவர், ‘நான்தான் சொன்னேனே’ என்று கிளம்பிவிடுவார். பிள்ளை உள்ளே தூங்குகிறாள், பெயர் பிரமேஸ்வரி. அதில் மட்டும் மாற்றமில்லை.

மோதினார் லெகியெமைப் பார்த்து, “என்ன பேரும்மா வைக்கட்டும்?” என்று கேட்டார்.

நான் இதுவரை எழுதிப் பார்த்தது: வித்யாவதி. சீச்சீ, பள்ளிக்கூட வாத்தியார் வீட்டு வாடை. தர்ம— வேண்டாம். மகாதே—

எனக்கு அகப்படவில்லை. எல்லாரும் காத்திருக்கிறார்கள், அவள் கரண்டியோடு நிமிர்ந்து நிற்கிறாள். நீங்கள் ஒரு பெயர் சொல்லுங்கள். பொம்பளைதானே என்று சின்னதாகப் பார்த்து எடுக்காதீர்கள். தாங்குவாள்.