பதில் சொல்ல மறுத்த போதகர்

லிஃப்ட் கம்பெனியில் அவனுக்கு ‘ரெண்டுதரம்’ என்று பட்டப்பெயர். முடுக்கிய திருகை இன்னொரு தரம் தொட்டுப் பார்க்காமல் ஏணியிலிருந்து இறங்க மாட்டான். ஜெபத்திலும் அதே கதைதான். “மச்சான் ஆமென் சொல்றதுக்குள்ள சோறு ஆறிப்போயிடும். எழுந்து போய் மறுபடி சுட வைக்கணும்” என்பான் மனைவியின் தம்பி. அவனும் சேர்ந்து சிரிப்பான். பயபக்தியுள்ள மனுஷன் என்று சபை ஊழியக்காரர்கள் அவனைப் பிறருக்கு உதாரணம் காட்டுவதுண்டு.

ஒரு ஞாயிறு ஆராதனையில், எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தபோது, பரிசுத்த ஆவியானவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை அவன் மனதுக்குள் ஓடிற்று. குடிகாரன் தெருவில் கத்திவிட்டுப் போவதைப் போல. அவன் வாயில் ஒரு நாளும் வராத வார்த்தை. எல்லாப் பாவத்துக்கும் மன்னிப்பு உண்டு, ஆவியானவரைத் தூஷிக்கிற அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை என்று ஞாயிறு பள்ளியில் படித்தவன் அவன்.

நினைக்கக் கூடாது என்று பல்லைக் கடிக்கக் கடிக்க அது திரும்பத் திரும்ப வந்தது. வந்தபோதெல்லாம் மன்னிப்புக் கேட்டான். கேட்கும்போது ஒரு சொல் இடறினால் செல்லாது என்று தோன்றும்; முதலிலிருந்து ஆரம்பிப்பான். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், இவன் முணுமுணுத்துக்கொண்டே இருப்பான். திருவிருந்து அன்று அப்பத் தட்டைத் தொடாமல் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடத் தொடங்கினான். தகுதியில்லாமல், அபாத்திரமாய்ப் புசித்து அந்தத் தண்டனையையும் சேர்த்து வாங்க வேண்டாம் என்ற பயம்.

தாங்க மாட்டாமல் ஒருநாள் போதகரிடம் போய் அழுதான். போதகர் வயதானவர், நல்லவர். “அந்தப் பாவம் செஞ்சவன் இப்படி வந்து அழுவானா தம்பி? உனக்கு மன்னிப்பு உண்டு. போய் நிம்மதியா சாப்பிடு” என்றார். நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கி வைத்தாற்போல் இருந்தது. பஸ் நிறுத்தம் வரைதான். ‘அந்த வார்த்தையைச் சரியாகச் சொன்னேனா? முழுதும் கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பாரா?’ அங்கேயே நின்று போன் போட்டான். மறுநாளும் போட்டான். போதகர் ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பதில் நாளாக ஆகக் கடலில் கரைத்த பெருங்காயமாகிக்கொண்டே வந்தது.

அப்புறம்தான் அந்த விபரீதம். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஒரு கர்ப்பிணிப் பெண். மொட்டைமாடி மிஷின் அறைக்கு ஓடினான். மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைக் கையால் தளர்த்தி, சக்கரத்தைச் சுற்றி இறக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. பிரேக்கில் கை வைத்தபோது வார்த்தை வந்தது. கூடவே ஒரு பயம்: ‘நீ சபிக்கப்பட்டவன். உன் கை பட்டால் கூண்டு விழும்.’ ஜெபிக்கத் தொடங்கினான். இடறியது. மறுபடி. கீழே அந்தப் பெண் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுபடி.

காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்து, “யோவ், உள்ள ஒரு உசுரு தவிக்குது, நீ என்னய்யா சிலை மாதிரி நிக்கிற!” என்று தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் சக்கரம் சுற்றியது. அந்தப் பெண் வியர்வையில் நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இவனைச் சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மனைவி விஷயம் முழுவதையும் கேட்டாள். அழவில்லை. “கிளம்புங்க, டாக்டர்கிட்ட போகலாம்.”

“பைத்தியக்கார டாக்டர்கிட்டயா? எனக்கு வந்தது பாவம்டி, வியாதி இல்ல.”

“பாவமா இருந்தா பாஸ்டர் சொன்னப்பவே தீர்ந்திருக்கணும். தீரலையே.”

டாக்டர் கோயில் குளம் பக்கம் போகாதவர் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பொறுமையாகக் கேட்டார். இது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்றார். சிலரிடம் அது அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், சிலரிடம் கதவைப் பூட்டினோமா என்பதை, இவனிடம் சாமியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாத்திரை எழுதினார். “வார்த்தை வந்தா வரட்டும். பதிலுக்கு ஜெபம் வேண்டாம். மன்னிப்பு உண்டான்னு யார்கிட்டயும் கேட்காதீங்க. கேட்டாலும் யாரும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு பதிலும் அதுக்குத் தீனி.”

அவிசுவாசி ஒருவன் மன்னிப்புக் கேட்காதே என்கிறான்! சாத்தான் வேறு எப்படிப் பேசுவான்?

மனைவி போதகரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மன்னிப்பு உண்டுன்னு சொல்றதுக்குத்தானே என்னை அபிஷேகம் பண்ணாங்க? அதைச் சொல்லாதன்னா நான் எதுக்கும்மா?” என்றார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

அந்த வாரமே அவன் போன் செய்தான். “பாஸ்டர், ஒரே ஒரு தடவை. உண்டா இல்லையா?”

“சொல்ல மாட்டேன் தம்பி.”

“ஆட்டைக் கிணத்துல தள்ளிட்டு வேடிக்கை பாக்குறீங்க. நீங்களா மேய்ப்பன்?” இன்னும் என்னென்னவோ திட்டினான். மறுமுனையில் முதியவரின் குரல் உடைந்தது. “திட்டு. லைன்லயே இருக்கேன். பதில் மட்டும் வராது.” அவன் களைத்து ஓயும்வரை அவர் போனை வைக்கவில்லை.

அடுத்த திருவிருந்தில் தட்டு வந்தது. அப்பத் துண்டை எடுத்தான். நாக்கில் பட்டதும் அந்த வார்த்தை, முன்னெப்போதையும்விட அசிங்கமாக, வந்தது. விழுங்கினான். ஜெபிக்கவில்லை. வெளியே, வண்டிகள் நிற்கும் இடத்தில், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். “நான் தப்பு பண்ணிட்டேனா? சொல்லேன்.”

‘இல்லங்க’ என்ற சொல் அவள் தொண்டை வரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கினாள். “எனக்குத் தெரியாதுங்க. வாங்க, பிள்ளை பசிக்குதுன்னு நிக்கிறா.” அவன் கையை உதறிவிட்டு முன்னால் நடந்தான். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. இருட்டுவதற்குள் பயம் கொஞ்சம் தணிந்திருந்தது. யாரும் சமாதானம் சொல்லாமலே அது தணிந்ததுதான் அவனுக்கு ஆச்சரியம்.

நோய் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அடுத்த திருவிருந்தில் தட்டைத் தொட முடியவில்லை, அதற்கடுத்ததில் முடிந்தது. வேலைக்குத் திரும்பினான், துணைக்கு ஒரு ஆளோடு. போதகர் அவ்வப்போது வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். ஒருநாள் அவன் கேட்டான்: “என்கிட்ட சொல்லாம இருக்குறது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

“உன்கிட்ட சொல்லாததையெல்லாம் அவர்கிட்ட சொல்லிக்கிட்டுதானேப்பா இருக்கேன்” என்று மேலே கையைக் காட்டினார்.

“பாஸ்டர், இதுவே ஒரு பதில்தான். டாக்டர் உங்களைத் திட்டப் போறாரு” என்றான்.

போதகர் நாக்கைக் கடித்துக்கொண்டார். பக்கத்திலிருந்த மனைவியும் சேர்ந்து மூவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் நடுவே வார்த்தை மறுபடி வந்தது. அவன் ஜெபிக்கவில்லை. மீதி டீயைக் குடித்து முடித்தான்.