மங்குஸ்தான் போடாத பீர்

நுரை அடங்குவதற்குள் நயினார் ஒரு வாய் குடித்துவிட்டார், குடித்ததுமே குத்தாலம் வந்துவிட்டது, சாரல், பழக்கடை வரிசை, கல்யாணமான முதல் வாரம், ஊதாத் தோலைக் கட்டைவிரலால் பிளந்து வெள்ளைச் சுளையை வடிவு அவர் வாயில் வைக்கிறாள், பழக்காரர் வேறு பக்கம் பார்ப்பதுபோலப் பார்க்கிறார், எல்லாம் அந்த ஒரு வாய்க்குள், மேசைக்கு எதிரே அதே வடிவு, தலை நரைத்தவள், தன் கிளாஸுக்குள் மூக்கை நுழைத்து நிதானமாக இழுத்துவிட்டு, மங்குஸ்தான்லா என்றாள், வீட்டில் காய்ச்சும் பீரில் என்ன பழ எசன்ஸ் கலந்தேன் என்று இவர் சொல்லமாட்டார், அவள்தான் மோந்து கண்டுபிடிக்க வேண்டும், அடிலெய்டில் குடியேறிய நாளிலிருந்து இதுதான் அவர்களின் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு, அவள் தோற்றதே இல்லை, எப்படித்தான் கண்டுபிடிக்கியோ என்று சிரித்தபடி முறுக்கு டின்னை எடுக்க அலமாரியைத் திறந்தால், டின்னுக்குப் பின்னால் மங்குஸ்தான் எசன்ஸ், மூடியில் சீல்கூட உடையவில்லை.

கலக்கவே மறந்திருக்கிறார், கிளாஸில் இருப்பது வெறும் பீர், தன் நாக்கு ஏமாந்ததுகூடப் பரவாயில்லை, அதற்கு ஆசை ஜாஸ்தி, ஆனால் வடிவின் மூக்கு ஏமாறுமா, ஆரம்பத்தில் நிஜ மாம்பழத்தையே நறுக்கி டிரம்மில் போட்டார்கள், ஈஸ்ட் இனிப்பையெல்லாம் தின்றுவிட்டு கராஜில் பாட்டில் பாட்டிலாக வெடிக்கிறது, நனைந்து நிற்கிற அவர் சட்டையை மோந்து பார்த்து வடிவு சொல்கிறாள், மாம்பழம் ஓடிப்போச்சு, ஊறுகாய்ப் பானைதான் மிச்சம், அப்புறம்தான் எசன்ஸுக்கு மாறினார்கள், பீர் நொதித்து அடங்கியபின் கராஜில் சொட்டுச் சொட்டாக இவர் விடுவார், அடுப்படியிலிருந்தே மோந்து அவள் அதட்டுவாள், போதும், இன்னொரு சொட்டு விட்டீங்கன்னா இருமல் மருந்து, அப்பேர்ப்பட்ட மூக்கு, போன குளிர்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு ஒருநாள் பால் கருகி வீடெல்லாம் நாறியபோது அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததே, ஞாபகமறதி என்றல்லவா நினைத்தார்.

எசன்ஸ் பாட்டிலை அவள் முன்னால் வைத்தார், அவள் சீலைத் தடவிப் பார்த்தாள், சரி, மாட்டிக்கிட்டேன் என்றாள், வாசனை எப்ப போச்சு வடிவு, காய்ச்சலோட போச்சு, டாக்டரைப் பாத்தியா, பாத்தாச்சு, வந்தாலும் வரும், வராமலும் போகும்னுட்டார், எங்கிட்ட ஏன் சொல்லல, சொன்னா என்ன செய்வீங்க, பாவம் இவளுக்குத் தெரியாததை நாம எதுக்குக் காய்ச்சணும்னு டிரம்மைத் தூக்கி மேல போட்டுருவீங்க, அப்புறம் ஞாயித்துக்கிழமை நீங்க டிவி முன்னாடி, நான் அடுப்படியில, நம்ம பயலும் சிட்னிக்குப் போயிட்டான், பேசுறதுக்கு நமக்கு இருந்தது இது ஒண்ணுதான், அதையும் நானே கெடுக்கணுமா, சொல்லும்போது குரல் உடைந்தது, அவள் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நயினாருக்குக் கணக்கு உதைத்தது, அப்ப இத்தனை மாசமா கரெக்டா சொன்னியே, ஆரஞ்சுன்ன, பீச்சுன்ன, எப்படி, அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதல்முறையாக நிமிர்ந்தாள், முதல் வாய் எப்பவும் நீங்கதான குடிப்பீங்க, உங்க மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்குமே, ஆரஞ்சுக்கு ஒரு கண்ணு சுருங்கும், பீச்சுன்னா உதட்டைச் சப்புவீங்க, பிடிக்கலைன்னா பிடிச்ச மாதிரி தலையாட்டுவீங்க, முப்பது வருஷமா வேற எதைப் பாத்துக்கிட்டு இருக்கேன்.

அப்ப இன்னைக்கு, என்றார், இன்னைக்குத்தான் ஒண்ணுமே கலக்கலியே.

வடிவு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், வெட்கமா சிரிப்பா என்று சொல்லமுடியாத ஒன்று அவள் முகத்தில் வந்து நின்றது, இந்த மூஞ்சியை நான் ஒரே ஒரு தடவைதான் பாத்திருக்கேன், பழக்காரன் பாக்கான் பாக்கான்னு நீங்க கூச்சப்பட்டுக்கிட்டே தின்னப்போ, அதான் சட்டுனு மங்குஸ்தான்னுட்டேன்.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, சீல் உடைக்காத பாட்டிலை ஓரமாகத் தள்ளிவிட்டு நயினார் இரண்டு கிளாஸிலும் அதே வெறும் பீரை ஊற்றினார், நுரை பொங்கி வழிந்தது, கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார், இருங்க இருங்க என்று வடிவு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள், முதல்ல லைட்டைப் போடுங்க, மூஞ்சி தெரியல.