எல்லாம் அசல்

"ஒரிஜினல்" என்றது வண்டிக்கு அடியிலிருந்து வந்த குரல்.

பழைய கார் சங்கத்தின் பரிசோதகர் பாயை விரித்து மல்லாந்து படுத்திருந்தார். வெளியே அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒவ்வொரு முறை அந்தச் சொல் வந்தபோதும் காரின் சொந்தக்காரனான தம்பிக்கு முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற அக்கா குனிந்து வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"மாஸ்டர் சிலிண்டர் ஒரிஜினல். முன்சக்கரத்து பிரேக் ஹோஸ்... அட, இதுவுமா? கம்பெனி முத்திரை கூட அழியல. ரப்பரே அந்தக் காலத்து ரப்பர்."

முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருந்த அவள் கணவர் தலையை வெளியே நீட்டினார். "மாப்பிள்ளை, உங்க அக்காவும் ஒரிஜினல்தான். மார்க் போடத்தான் ஆளில்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. போன மாதம்தான் மெக்கானிக் நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஓடும் புது ரப்பர் ஹோஸ் போட்டுக் கொடுத்திருந்தார். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற அவர் கீழே படுத்துக்கொண்டு, "மிதிங்க, பிடிங்க, விடுங்க" என்று சொல்லச் சொல்ல, பெடலைக் கால் மரத்துப்போகும்வரை மிதித்தவள் அவள்தான். பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்த பழைய ஹோஸ்களைத் தூக்கிப் போடச் சொன்னபோது தம்பி காதில் வாங்கவே இல்லை.

காரை ஏற்றி வந்த லாரிக்குப் பின்னால் அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

"புது ஹோஸ் எங்கடா?"

"மெதுவா பேசுக்கா. வீட்ல பத்திரமா இருக்கு. புதுசு இருந்தா மார்க்கைக் குறைச்சுடுவாங்க. பரிசை வாங்கிட்டுப் போய்த் திரும்ப மாட்டிடுவேன்."

"கழட்டி மாட்டினா காத்து பூந்திருக்குமே. எடுத்தியா?"

"எடுத்தேன்."

"பெடலை யாரு மிதிச்சுப் பிடிச்சது?"

தம்பி தன் ஷூ நுனியைப் பார்த்தான்.

"உன்னைத்தான் கேக்கறேன்."

"சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல தொடப்பக்கட்டையை முட்டுக் கொடுத்தேன். உன்னைக் கூப்பிட்டா நீ விடமாட்டன்னு தெரியும்."

தொடப்பக்கட்டை மிதித்து மிதித்து விடாது; காற்று இன்னும் குழாய்க்குள்தான் இருக்கும். சோதனை முடிந்ததும் ஒவ்வொரு காரும் வாசல் சரிவில் இறங்கி, கீழே போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் நின்று காட்டவேண்டும். ஓட்டுகிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்காரவேண்டும் என்பது சங்கத்து விதி. கோட்டைத் தாண்டினால் பெரிய சாலை. அங்கே பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போய்க்கொண்டிருந்தன.

"ஓட்டாதடா. உன் மாமா உள்ள இருக்காரு."

"அவரை இறக்கினா ஏன்னு கேப்பாங்க. ஒரே ஒரு சரிவுக்கா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும்."

அவன் நடந்துவிட்டான்.

பரிசோதகர் வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "எல்லாம் அசல். இறக்கி நிறுத்திக் காட்டுங்க, முடிச்சுக்கலாம்."

"டயருக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுங்கப்பா" என்றார் கணவர் உற்சாகமாக.

கல்லைத் தொடாதீர்கள் என்று கத்த வாயைத் திறந்தாள். வாயால் சொன்னால் தம்பி மறுத்துவிடுவான்; மிதித்துக் காட்டவேண்டும். தம்பியை முந்திக்கொண்டு ஓடி, ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீயா ஓட்டப் போற? அப்ப நான் உயில் எழுதிட்டு வந்துடறேனே."

அவள் பெடலை மிதித்தாள். தலையணையை மிதித்ததுபோல் உள்ளே போனது. மறுபடி மிதித்தாள். கொஞ்சம் இறுகியது. மெக்கானிக் சொல்லிக் கொடுத்தபடி முதுகைச் சீட்டில் சாய்த்து, உடம்பின் பாரம் மொத்தத்தையும் காலில் இறக்கினாள்.

கீழே ஏதோ பட்டென்றது. பெடல் பிடிமானமே இல்லாமல் தரையில் போய் முட்டியது.

முன்சக்கரத்தின் உள்பக்கமிருந்து பிரேக் ஆயில் வழிந்து, கல்லைச் சுற்றிக்கொண்டு சரிவில் இறங்கியது. கல்லை எடுக்கக் குனிந்த சங்கத்து ஆள் கையை இழுத்துக்கொண்டார். பரிசோதகர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"சாமான் அசல்தான், அதுல சந்தேகமில்ல" என்றார் தம்பியிடம். "ஆனா இந்த வண்டி இங்கேயிருந்து ஒரு அடி நகரக்கூடாது."

தம்பி ஆயில் ஓடிய வழியே பார்வையை ஓட்டினான். கீழே ஒரு பஸ் வெள்ளைக் கோட்டை உரசிக்கொண்டு போனது. அவன் லாரியின் படியைத் தடவித் தேடி அப்படியே உட்கார்ந்தான்.

"காலை எடும்மா" என்றார் கணவர். "ஏன் இன்னும் மிதிச்சுக்கிட்டே இருக்க?"

"வண்டி நிக்குதா?"

"கல்லு இருக்கு. எங்கயும் போகாது."

"நீங்க மொதல்ல இறங்குங்க."

"இறங்கறேன். நீ காலை..."

"இறங்குங்கன்னு சொல்றேன்ல."

அவர் கதவைத் திறந்து ஒரு காலை ஊன்றினார், பிறகு மறு காலை. கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகும் அவள் கால் பெடலிலிருந்து எழவில்லை.